டெல்லிக்குப் புதுசு, ஊர் இப்பதான் திறக்குது: எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

காவிரிக்கரை
11 ஜூலை 2021, ஞாயிறு, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். நான் கும்பகோணம் பக்கம். மத்திய அரசுத் தேர்வு எழுதி வேலை கிடைச்சு மார்ச் கடைசியில் டெல்லி வந்தேன். 02621 சிறப்பு ரயில், ரெண்டு ராத்திரி ஒரு பகல். முனிர்காவில் நாலாவது மாடியில் ரூம். ஆபீஸுக்கும் ரூமுக்கும் வழி பிடிபடுறதுக்குள்ளேயே ஏப்ரல் 19 ராத்திரி பத்து மணிக்கு கொரோனா ஊரடங்கு போட்டுட்டாங்க.

அப்புறம் ஆறு வாரத்துக்கு என் ஜன்னல்தான் எனக்கு டெல்லி. முனிர்கா சந்து தெரிஞ்சவங்களுக்குப் புரியும், எதிர் வீட்டு பால்கனி கைக்கு எட்டுற தூரம். அங்கே ஒரு பாட்டி இருக்காங்க. தெருவே அவங்களை தாதின்னுதான் (இந்தியில் பாட்டி) கூப்பிடுது. மே மாசம் கயித்துக் கட்டில் மேல பழைய புடவையை விரிச்சு, நறுக்கின மாங்காயைக் காய வெச்சாங்க. சாயங்காலம் ஒவ்வொரு துண்டா எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்து, ஈரம் இருக்கிறதைத் தனியா ஒதுக்குவாங்க. எங்க அம்மாச்சி செய்யிற மாதிரியே. அதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். என்ன நினைச்சாங்களோ, ஒரு துண்டை எடுத்து அப்படியே கையை நீட்டிக் கொடுத்தாங்க. டெல்லியில் எனக்குக் கிடைச்ச முதல் பழக்கம் அதுதான். ராத்திரியானா அவுட்டர் ரிங் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாது. அப்ப அவங்க வீட்டு விளக்கு எரியுதான்னு பார்த்துட்டுத்தான் படுப்பேன்.

இப்ப ஜூன் 7லேர்ந்து ஒவ்வொண்ணா திறக்குறாங்க. மெட்ரோவில் ஒரு சீட் விட்டு ஒரு சீட். பார்க் எல்லாம் ஜூன் 21லேர்ந்து திறந்திருக்கு. எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஆபீஸ். மிச்ச நாள் ரூம்லேயே கிடக்க முடியலை. பயமும் போகலை.

நாலு மாசமா ஒரு ஊர்ல இருக்கேன், அந்த ஊர் எப்படி இருக்கும்னே தெரியாது. செங்கோட்டை, குதுப்மினார் லிஸ்ட் வேண்டாம், அது எங்கேயும் கிடைக்குது. இந்த ஊரை எப்படிப் பழகுறதுன்னு சொல்லுங்க. இந்தி எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பேச வராது. பஸ் ஸ்டாப்பில் கை காட்டினா பாதி பஸ் நிக்கவே மாட்டேங்குது. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?


முத்ரிகா
11 ஜூலை 2021, காலை 10.15

அம்மா, நல்வரவு. நான் தில்லிக்கு வந்தது 1974. ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, லோதி காலனியில் ஒரு சம்மரியில், அதாவது தனியாக வந்த ஆண்கள் சேர்ந்து தங்கும் வீட்டில், சேர்ந்தேன். நாங்கள் ஐந்து பேர், ஒரே சமையல், முறை வைத்துப் பாத்திரம் தேய்ப்போம். பணி ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. இந்த ஊரை விட்டுப் போக மனம் வரவில்லை.

பஸ் நிற்காததற்குக் காரணம், பாதி இருக்கைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று விதி இருப்பது. நிறைந்த பஸ் நிற்காது. முடிந்தால் பஸ் புறப்படும் இடத்துக்கே போய் ஏறிவிடுங்கள். பெண்களுக்கு 2019 அக்டோபர் 29 முதல் கட்டணம் கிடையாது. கண்டக்டரிடம் இளஞ்சிவப்புச் சீட்டு கேட்டு வாங்கி, இறங்கும் வரை கையில் வைத்திருங்கள்.

நீங்கள் கேட்டது ஊரைப் பழகுவது எப்படி என்று. எனக்கு என் மேலதிகாரி சொன்ன வழியை உங்களுக்குச் சொல்கிறேன். சேர்ந்த முதல் வாரமே அவர், "ஞாயிற்றுக்கிழமை முத்ரிகாவில் ஏறு, ஏறின இடத்திலேயே வந்து இறங்கு" என்றார். முத்ரிகா என்றால் மோதிரம். ரிங் ரோட்டை முழுவதும் சுற்றி வரும் பஸ். ஏய்ம்ஸ், லாஜ்பத் நகர், ஆசிரமம், சராய் காலேகான், ராஜ்காட், காஷ்மீரி கேட், ஆசாத்பூர், பஞ்சாபி பாக், நாராயணா, தவுலா குவான், மோதி பாக், மறுபடி ஏய்ம்ஸ். ஒரு சுற்றில் ஆறு, மொத்தக் காய்கறிச் சந்தை, அகதிகளாக வந்தவர்கள் கட்டிய காலனிகள், ராணுவப் பகுதி, அரசுக் குடியிருப்புகள் எல்லாம் கண்ணில் படும். எந்த ஊர் எதற்குப் பக்கத்தில் என்ற கணக்கு தலைக்குள் உட்கார்ந்துவிடும். மெட்ரோவில் பாதி தூரம் பூமிக்கு அடியில் போவீர்கள், அந்தக் கணக்கு வராது.

நம்மவர்கள் இங்கே வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அரசாங்கம் கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்கும் மாறிக்கொண்டிருந்த காலத்தில், குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்காக 1923இல் ஆரம்பித்த பள்ளிதான் இன்று ஏழு பள்ளிகளாக இருக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். நீங்கள் தனியாக வந்திருப்பதாக நினைக்க வேண்டாம்.


இரவுப்பணி
11 ஜூலை 2021, மதியம் 2.05

நைட் டூட்டி முடிச்சு தூங்கி எழுந்து இப்பதான் பார்க்கிறேன். தங்கச்சி, நான் நாகர்கோவில்காரி. இங்க ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமா நர்ஸ்.

கொஞ்சம் கடுமையா சொல்லப் போறேன், மனசுல வெச்சுக்காதீங்க. ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் டெல்லியில் 28,395 பேருக்குத் தொற்று. இன்னைக்கு நூறுக்குக் கீழே வந்திருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மூணு மாசம்கூட முழுசா ஆகலை. அந்த வாரத்துல எங்க வார்டு வாசல்ல ஸ்ட்ரெச்சர் கிடைக்காம ஒரு பையன் அவங்க அப்பாவை ஆட்டோவிலேயே மடியில் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நான் சொன்ன பதில் எனக்கு இன்னும் தூக்கத்துல வருது.

அதனால ஐயா சொன்ன ஊர் சுத்துற பஸ் இப்ப வேண்டாம்னுதான் சொல்வேன். ஒருத்தரும் வெளியே போகக் கூடாதுன்னு சொல்லலை. திறந்த வெளி எங்கேயோ அங்கே போங்க. நடங்க. பஸ்தான் ஏறணும்னா ஏசி இல்லாத பச்சை பஸ்ல ஜன்னல் திறந்திருக்கிற சீட். சந்தைக் கூட்டம் கூடவே கூடாது. லட்சுமி நகர்ல கூட்டம் தாங்காம ஜூன் கடைசியில் கடைகளை மறுபடி மூட வெச்சாங்களே, அது எல்லாருக்கும் பாடமா இருக்கணும். ஊசி போட்டாச்சா? முதல் டோஸ் போட்டிருந்தாலும் மாஸ்க் விடாதீங்க.


ராம்நாடு வெயில்
11 ஜூலை 2021, மாலை 6.30

நான் நர்ஸ் அக்கா பக்கம்தான். ஓல்ட் ராஜேந்திர நகர்ல சிவில் சர்வீஸ் படிக்கிறேன். பரீட்சை ஜூன் 27லேர்ந்து அக்டோபர் 10க்குத் தள்ளிப் போயிருக்கு. ஏப்ரல்ல பக்கத்து ரூம் நண்பனுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டருக்காக ராத்திரி முழுக்க நாலு பேர் போன் பண்ணிக்கிட்டே இருந்தோம். விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஒரு குருத்வாராவில் கிடைச்சுது. பிழைச்சுட்டான். அதுக்கப்புறம் எனக்குப் பால் வாங்கப் போறதுக்கே தயக்கமா இருக்கு.

காவிரிக்கரை, நீங்க தப்புன்னு சொல்லலை. ஆனா "ஊர் பார்க்கிறது"ங்கிற வார்த்தையே இப்ப எனக்கு ஒட்டலை. இத்தனை பேர் போன ஊர்ல என்னத்தைப் பார்க்கிறது?


காவிரிக்கரை
11 ஜூலை 2021, இரவு 9.10

//இத்தனை பேர் போன ஊர்ல என்னத்தைப் பார்க்கிறது?//

இந்தக் கேள்வியை ரொம்ப நேரம் படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க மாடிக்குக் கீழே ரெண்டாவது மாடியில் ஒருத்தர் இருந்தார். படியில் பார்த்தா தலையாட்டுவார். மே முதல் வாரம் போயிட்டார். அவர் பேர் என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுதான் என்னை உறுத்துது. இங்கே இருக்கேன்னா, இந்த ஊர்ல யார் இருக்காங்க, என்ன இருக்குன்னு தெரிஞ்சு இருக்கணும்னு தோணுது. அதுக்குத்தான் கேட்டேன்.

அக்கா, நீங்க சொன்னது எல்லாம் எடுத்துக்கிட்டேன். முதல் டோஸ் போட்டாச்சு. காலையில் நடக்கிறதுன்னு வெச்சுக்கிறேன்.


பாக்கெட் ஒன்று
12 ஜூலை 2021, காலை 11.20

மயூர் விகார்லேர்ந்து. ஊர் மதுரை, இங்க பதினோரு வருஷம். பாஷை பத்தி யாருமே சொல்லலையே!

வந்த புதுசுல எனக்கு ஒண்ணு ரெண்டு மூணு தெரியும், அதனால கடைக்குப் போயிடலாம்னு நினைச்சேன். காய்க்காரர் "டேட் ஸௌ"ன்னார். டேட்னா என்ன? நூறும் தெரியுது, டேட் தெரியலை. ரெண்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன், அம்பது திருப்பிக் கொடுத்தார். அப்பதான் புரிஞ்சது, டேட்னா ஒண்ணரை. டாயின்னா ரெண்டரை. மூணரையிலேர்ந்து "ஸாடே" சேர்ப்பாங்க, ஸாடே தீன், ஸாடே சார். "ஸவா"ன்னா கால் கூட, "பௌனே"ன்னா கால் குறைச்சல். பௌனே தோன்னா ஒண்ணே முக்கால். நமக்கு இது கஷ்டமே இல்லை, நம்ம பாஷையிலும் ஒண்ணேகால், ஒண்ணரை, ஒண்ணே முக்கால்னுதானே சொல்றோம்? மாத்தி வெச்சு மனப்பாடம் பண்ணிட்டா போதும். கால் கிலோ "பாவ்". பச்சை மிளகாய் அவ்வளவுகூட வேண்டாம்னா பத்து ரூபாய்க்குன்னு கேளுங்க.

கறிவேப்பிலைக்கு இங்க கடி பத்தா. சில பேர் மீட்டா நீம்னு சொல்வாங்க. காசு கொடுத்து வாங்காதீங்க, உங்க தெருவில் யார் வீட்டு வாசல்லயாவது செடி நிக்கும், கேட்டா ஒடிச்சே கொடுப்பாங்க. எனக்கு இந்த பில்டிங்கில் மூணு சிநேகிதம் அப்படித்தான் வந்தது. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தேங்காய், மீன் எல்லாத்துக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட். வார நாள்ல, கடை திறந்ததும் போயிட்டு வந்துடுங்க, கூட்டம் இருக்காது. இட்லிக்கு அரிசி தேடி அலையாதீங்க. மளிகைக் கடையில் பர்மல் செல்லான்னு கேளுங்க, அது புழுங்கல். நாலுக்கு ஒண்ணு உளுந்து போட்டுப் பாருங்க. உளுந்து "துலி உரத்".

அந்த தாதிகிட்ட பேசுங்க. இந்தி வரலைன்னு பயப்படாதீங்க. அவங்க பேசுறதே பாதி ஹரியானா வாடை அடிக்கும், நான் இருந்த தெருவில் அப்படித்தான். தப்பா பேசினா சிரிச்சுட்டு திருத்துவாங்க. அப்படித்தான் வரும்.


முத்ரிகா
13 ஜூலை 2021, காலை 9.30

மழை! வழக்கமாக ஜூன் 27 வாக்கில் வர வேண்டியது, இன்றுதான் வந்திருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு தாமதமாக வந்ததில்லையாம். நான் மொட்டை மாடிக்குப் போய் நனைந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வீட்டில் திட்டு.


இரவுப்பணி
13 ஜூலை 2021, காலை 9.50

டூட்டி முடிஞ்சு வெளியே வந்தா வாசல்ல எல்லாரும் நின்னு கையை நீட்டிக்கிட்டிருக்காங்க. செக்யூரிட்டி, ட்ராலி தள்ளுற அண்ணன், நாங்க மூணு நர்ஸ். ஒருத்தரும் பேசலை. ஜூலை 1ஆம் தேதி 43 டிகிரி அடிச்ச ஊர் இது. மழை நல்லா பெய்யட்டும்.


காவிரிக்கரை
18 ஜூலை 2021, ஞாயிறு, மதியம் 1.25

ஒரு வாரம் நடந்ததைச் சொல்லணும். நீளமா இருக்கும்.

ஆபீஸ் இருக்கிற நாள்ல, முடிஞ்சதும் நேரா பஸ் ஏறாம ஒரு ரோடு நடந்துட்டு ஏறுறதுன்னு வெச்சுக்கிட்டேன். கட்டடம் எல்லாம் கேட் போட்டு, போலீஸ் நிக்கிற இடம். மியூசியத்துக்குள்ள போகத் தைரியம் இல்லை. அதனால மேலே பார்த்தேன். ஜன்பத்தில் ரெண்டு பக்கமும் வெளிர் சாம்பல் நிறத்துல வழுவழுன்னு பட்டை, அடிமரம் தூண் மாதிரி. எனக்குத் தெரிஞ்ச மரமாச்சேன்னு ஒரு நிமிஷம் நின்னேன். மருது! எங்க ஊர்லேர்ந்து எட்டு கிலோமீட்டர்ல திருவிடைமருதூர். அங்கே தல மரமே மருதுதான். இங்கே இதுக்கு அர்ஜுன்னு பேர். ரோடு முழுக்க வரிசையா அதே மரம்.

அப்புறம் எனக்கு அதே வேலையாயிடுச்சு. அக்பர் ரோட்டில் புளிய மரம். மண்டபத் தூண் கணக்கா நிக்குது, கீழே போன வருஷத்துப் புளியங்கொட்டை. சில ரோட்டில் வேம்பு. இந்தப் புது டெல்லியை வெள்ளைக்காரன் 1931ல் திறந்து வெச்சானாம், அதுக்கு முன்னாடியே ரோட்டுக்கு ஒரு மரம்னு முடிவு பண்ணி நட்டிருக்காங்க. வேம்பும் புளியும் மருதும் நாவலும்தான் இந்த ஊருக்கு நிழல்னு எனக்கு யாரும் சொல்லலை.

வியாழக்கிழமை துக்ளக் ரோடு. மழை விட்டு ஒரு மணி நேரம். நடைபாதை முழுக்க ஊதாக் கறை. மேலே நாவல் மரம். ஒருத்தர் மரத்துல, கீழே நாலு பேர் தார்ப்பாயோட நாலு மூலையைப் பிடிச்சுக்கிட்டு. கிளையை உலுக்குறார், மழை மாதிரி கொட்டுது. ஒரு அம்மா கூடையோட உட்கார்ந்திருந்தாங்க. நான் "ஏக் பாவ்"னு கேட்டேன். (பாக்கெட் ஒன்று அக்காவுக்கு நன்றி. அந்தம்மா மறுபேச்சு இல்லாம நிறுத்துக் கொடுத்தாங்க!) பழத்தை ஒரு சின்னப் பானையில் போட்டு, ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு தூவி, இன்னொரு கிண்ணத்தால் மூடி, காதுக்குப் பக்கத்துல வெச்சுக் குலுக்கினாங்க. தோல் லேசா கிழிஞ்சு உப்பு உள்ளே இறங்கணும், அதுக்குத்தான். இலைத் தொன்னையில் கொட்டிக் கொடுத்தாங்க. ஆள் இல்லாத இடமாப் பார்த்து, மாஸ்கை இறக்கி, நின்ன இடத்திலேயே சாப்பிட்டேன். நாக்கு கருநீலம். ஊர்ல பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாவப்பழம் பொறுக்கி மண்ணை ஊதித் தின்ன ஞாபகம். முதல் தடவையா இந்த ஊர்ல அழாம அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

அப்புறம் நேத்து ஆடி ஒண்ணு. விடியக்காலம் முனிர்காவிலேர்ந்து நடந்தே ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர். உள்ளே பூஜை நடக்குது, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. கேட்டுக்கு வெளியே ஏழெட்டு பேர் தள்ளித் தள்ளி நின்னு, மேலே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டிருந்தாங்க. ஒரு பெரியவர் செருப்பைக் கழட்டிட்டு ரோட்டிலேயே நின்னார். நானும் கழட்டிட்டு நின்னேன். அந்தக் கோயிலுக்கு உத்தர சுவாமிமலைன்னு பேராம். எங்க சுவாமிமலையில் அறுபது படி, அறுபது வருஷத்துக்கு அறுபது. சின்ன வயசுல வருஷப் பேரைச் சொல்லிக்கிட்டே ஏறுவோம். கேட்டுல நின்னபடியே பிரபவ, விபவன்னு சொல்லிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல மறந்து போச்சு.


முத்ரிகா
18 ஜூலை 2021, மாலை 4.40

அம்மா, இதைப் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தேழு வருடம் இங்கே இருக்கிறேன், ஜன்பத் மரம் மருது என்று எனக்கு இன்றுதான் தெரியும். பஸ்ஸைக் கவனித்த அளவுக்கு மரத்தைக் கவனிக்கவில்லை.

மலை மந்திர் கும்பாபிஷேகம் நடந்தது 1973. நான் வந்தபோது கோயில் புத்தம் புதிது. சுற்றிலும் கருவேலங்காடும் பாறையும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து லோதி காலனியிலிருந்து சைக்கிளில் போவோம். சம்பளக் கவரை அங்கே வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊருக்கு மணியார்டர் அனுப்புவேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி கூட்டம் ரோடு வரை நிற்கும். இந்த வருடம் அது ஆகஸ்ட் 2. அன்றும் கேட்டுக்கு வெளியேதான் என்று நினைக்கிறேன். நானும் வருகிறேன்.

அறுபதும் எனக்கு நினைவிருக்கிறது. முப்பதாவது துன்முகி. அதற்கு அடுத்தது ஹேவிளம்பி, விளம்பி, விகாரி, சார்வரி, இப்போது நடக்கும் பிலவ. அங்கிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்.


இரவுப்பணி
19 ஜூலை 2021, மதியம் 3.15

நாவப்பழம் சாப்பிட்டதுக்கு நான் திட்டணும். கழுவாம, ரோட்டில, அதுவும் மழைக்காலத்துல. ஆனா படிச்சதும் எனக்கு வாயூறிடுச்சு, அதனால திட்டலை. அடுத்த தடவை ஒரு பாட்டில் தண்ணி கொண்டு போய் கழுவிட்டு சாப்பிடணும், சரியா?

தங்கச்சி, நீங்க போற விதம் எனக்குப் பிடிச்சிருக்கு. இதைத்தான் நான் சொல்லணும்னு நினைச்சேன், சொல்லத் தெரியாம "வேண்டாம்"னு சொல்லிட்டேன்.


ராம்நாடு வெயில்
24 ஜூலை 2021, காலை 8.00

ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். மரம் பத்தி எழுதினதைப் படிச்சுட்டு, நேத்து விடியக்காலம் ரூமை விட்டு இறங்கினேன். ராஜேந்திர நகர்லேர்ந்து கொஞ்சம் நடந்தா ரிட்ஜ் காடு. ஆரவல்லி மலையோட வால் பகுதி. புத்தகத்துல பத்து தடவை படிச்சிருக்கேன், அது ரூம்லேர்ந்து இவ்வளவு பக்கம்னு தெரியாது.

உள்ளே போனா காடு முழுக்க சீமைக்கருவேலம்! எங்க ஊர்ல எங்கே பார்த்தாலும் நிக்குமே, அதே முள், அதே மஞ்சள் பூ, அதே காய். இங்கே விலாயதி கீகர்னு பேர். விலாயதின்னா சீமைதான். ரெண்டு பாஷைக்காரனும் ஒரே பேர் வெச்சிருக்கான். எங்க தாத்தா இதை வெட்டித்தான் கரிமூட்டம் போடுவார். நிலத்தடித் தண்ணிய உறிஞ்சுதுன்னு ஊர் முழுக்க இதைத் திட்டும். இங்கேயும் மத்த மரத்தை வளர விடாதுன்னு இதுமேல கோபம் இருக்காம். எனக்கு அந்த மரத்து மேல அன்பு ஒண்ணும் கிடையாது. ஆனா அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மயில் அகவிச்சு. ஏப்ரலுக்கப்புறம் வெளியே போய் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

என்னத்தைப் பார்க்கிறதுன்னு அன்னைக்கு நான் கேட்டது கோபத்துல கேட்டதுதான். மன்னிச்சுக்குங்க.


காவிரிக்கரை
24 ஜூலை 2021, காலை 8.20

மன்னிப்பெல்லாம் வேண்டாங்க. அந்தக் கேள்வி இல்லைன்னா நானும் செங்கோட்டையைப் பார்த்துட்டு வந்து படுத்திருப்பேன். பரீட்சை நல்லா எழுதுங்க. உங்க நண்பர் இப்ப எப்படி இருக்கார்?


ராம்நாடு வெயில்
24 ஜூலை 2021, காலை 8.30

படி ஏறினா மூச்சு வாங்குது. மத்தபடி நல்லா இருக்கான். நாளைக்கு அவனையும் கூட்டிட்டுப் போறேன், மெதுவா.


பாக்கெட் ஒன்று
31 ஜூலை 2021, மாலை 5.45

26ஆம் தேதியிலேர்ந்து மெட்ரோவிலும் பஸ்ஸிலும் எல்லா சீட்டிலும் உட்காரலாம்னு விட்டுட்டாங்க, நிக்கத்தான் கூடாது. பஸ் இனிமே கொஞ்சம் நிக்கும்னு நினைக்கிறேன்.

யமுனை நேத்து அபாய அளவு 205.33 மீட்டரைத் தாண்டிடுச்சு. ஆத்துப் படுகையில் வெள்ளரியும் கீரையும் போடுறவங்க எல்லாரையும் மேலே ஏத்திட்டாங்க. எங்க ஏரியாவில் ரோட்டோரம் தார்ப்பாய் கட்டி, மாடு, கட்டில், பாத்திரம் எல்லாத்தோடயும் உட்கார்ந்திருக்காங்க. எனக்கு வாராவாரம் கீரை கொண்டு வர்ற அம்மாவும் அதுல இருக்காங்க. கொரோனாவில் சந்தை இல்லாம போச்சு, இப்ப பயிரும் போச்சு. எங்க பில்டிங்ல அஞ்சு வீடு சேர்ந்து ரெண்டு வேளைக்குச் சமைச்சு எடுத்துட்டுப் போறோம். அந்தம்மா சாதத்தை வாங்கிக்கிட்டு, "அடுத்த மாசம் கீரை போடுவேன், அப்ப காசு வாங்க மாட்டேன்"ன்னாங்க. பக்கத்துல இருக்கிறவங்க போர்வை, பிஸ்கட், குழந்தைக்குப் பால் பவுடர் ஏதாவது முடிஞ்சா கொண்டு வாங்க.


காவிரிக்கரை
3 ஆகஸ்ட் 2021, செவ்வாய், இரவு 10.05

இன்னைக்கு ஆடிப்பெருக்கு. இந்த வருஷம் ஊர்லயும் காவிரிக் கரைக்குப் போகலையாம். அம்மா வீட்டுக் கிணத்தடியிலேயே விளக்கேத்திப் படைச்சிருக்காங்க.

எனக்கு இன்னைக்கு ஆபீஸ் இல்லை. காலையில் புளியோதரையும் தயிர் சாதமும் கிளறி ரெண்டு டப்பா. முதல்ல மயூர் விகார், பாக்கெட் ஒன்று அக்கா சொன்ன இடம். அக்கா வாசல்லயே நின்னு கூட்டிட்டுப் போனாங்க. கீரைக்கார அம்மாவோட பேத்திக்கு நாலு வயசு இருக்கும், புளியோதரையில் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்னுச்சு.

திரும்பி வரும்போது வேணும்னே மெட்ரோ நீல லைன்ல வந்தேன். யமுனா பேங்க் தாண்டினதும் பாலம். நான் ஜன்னலோரம். மார்ச்சில் ஒரு தடவை இதே பாலத்துல போயிருக்கேன், அப்ப நடுவுல கறுப்பா ஒரு கோடு, அவ்வளவுதான். இன்னைக்கு கரையிலேர்ந்து கரைக்குச் செந்தண்ணி, சுழிச்சுக்கிட்டு ஓடுது. ஒரு மரம் கழுத்தளவு தண்ணியில் நிக்குது, உச்சியில் கொக்கு. எதிர் சீட்டுல ஒரு அப்பா மகனைத் தூக்கி ஜன்னல்ல காட்டி "யமுனா, யமுனா"ன்னார். அந்த ஒரு நிமிஷம் பெட்டியில் இருந்த எல்லாரும் போனைக் கீழே வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பினாங்க. நான் கையில் மஞ்சள் கயிறு வெச்சிருந்தேன், அம்மா போன மாசமே தபால்ல அனுப்பினது. ஆத்துல எதையும் போடத் தோணலை, அதுல ஏற்கெனவே போட்டது போதும். கயித்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

சாயங்காலம் தாதி பால்கனிக்கு வந்தாங்க. "ஆஜ் ஹமாரே யஹான் நதீ கா த்யோஹார்"னு (இன்னைக்கு எங்க ஊர்ல ஆத்துப் பண்டிகை) சொன்னேன். முழு வாக்கியம்! சரியா தப்பான்னு தெரியலை. அவங்க கயித்தைப் பார்த்தாங்க, ஒண்ணும் கேக்கலை, கையை நீட்டினாங்க. மே மாசம் மாங்காய்த் துண்டு நீட்டின அதே கை. இந்தப் பக்கத்திலேர்ந்து எட்டி மணிக்கட்டுல கட்டிவிட்டேன். அப்புறம் எனக்கு அவங்க கட்டிவிட்டாங்க. கட்டும்போது ஏதோ சொன்னாங்க, பாதிதான் புரிஞ்சுது.


இரவுப்பணி
3 ஆகஸ்ட் 2021, இரவு 10.40

வார்டுல உட்கார்ந்து படிக்கிறேன். கண்ணாடிக்குள்ள ஆவி படிஞ்சிடுச்சு. இன்னைக்கு எங்க வார்டுல இருபது கட்டில் காலி.


பாக்கெட் ஒன்று
8 ஆகஸ்ட் 2021, ஞாயிறு, காலை 10.00

ரெண்டு நல்ல சேதி. வெள்ளிக்கிழமை பிங்க் லைன்ல விட்டுப்போன துண்டை திரிலோக்புரியோட சேர்த்துட்டாங்க. இனிமே எங்க வீட்டிலேர்ந்து ஆனந்த் விகாருக்கு மாறாமப் போகலாம். நாளையிலேர்ந்து வாரச் சந்தை எல்லாம் திறக்கலாம்னு உத்தரவு வந்திருக்கு. கீரைக்காரங்க கொட்டகையிலேர்ந்து பாதிப் பேர் திரும்பிப் போயாச்சு, சேறு காயணும்.


காவிரிக்கரை
8 ஆகஸ்ட் 2021, காலை 10.30

முத்ரிகா ஐயா, இப்ப எல்லா சீட்டும் உண்டு. ரிங் ரோடு பஸ்ல ஒரு சுத்து போகலாமா? 15ஆம் தேதி லீவு வேற, ஞாயிறு. நர்ஸ் அக்கா அனுமதி கொடுத்தா.


முத்ரிகா
8 ஆகஸ்ட் 2021, காலை 11.15

15 வேண்டாம் அம்மா, சுதந்திர தினத்துக்கு ராஜ்காட் பக்கம் வழியை மாற்றிவிடுவார்கள். 22 ரக்ஷா பந்தன், ஊரே பஸ்ஸில் இருக்கும். 29 வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு மோதி பாக் ஸ்டாப். நான் முன்னாலேயே வந்து நிற்கிறேன்.


இரவுப்பணி
8 ஆகஸ்ட் 2021, மதியம் 1.50

29 எனக்கு டூட்டி இல்லை. பச்சை பஸ், ஜன்னல் திறந்திருக்கணும், நானும் வர்றேன்.


முத்ரிகா
8 ஆகஸ்ட் 2021, மதியம் 2.10

வாருங்கள். ஏய்ம்ஸ் போகும் திசையில் ஏற வேண்டும். எல்லாரும் வலது பக்கம் உட்காருங்கள், சராய் காலேகான் தாண்டினதும் ஆறு அந்தப் பக்கம்தான்.